சொல்வதை எழுதுபவர்

எங்கள் ஊரில் ஒரு பிள்ளை ஆண்டவருக்குள் வளர்கிறதா என்பதைப் பெரியவர்கள் வசனத்தைக் கொண்டுதான் பார்ப்பார்கள். மெஞ்ஞானபுரத்துப் பக்கம், செம்மணல் தேரி தொடங்கும் இடத்தில் இருந்தது எங்கள் சின்னச் சபை. வானம் தெளிந்திருந்தால் பனைகளுக்கு மேலாக மெஞ்ஞானபுரம் கோயிலின் கோபுரம் தெரியும். ஞாயிறு பள்ளியில் மலைப்பிரசங்கம் மூன்று அதிகாரமும் மனப்பாடம். அதை முடித்தால் சங்கீதங்கள். கிறிஸ்துமஸுக்கு முன்னால் வசனப் போட்டி நடக்கும், பரிசு ஒரு எவர்சில்வர் டம்ளர். எங்கள் வீட்டு அலமாரியில் அப்படிப்பட்ட டம்ளர்கள் வரிசையாக இருந்தன. அந்த வசனங்களைக் குறைவாக எண்ண எனக்கு மனம் வராது. இன்றுவரை ராத்திரியில் தூக்கம் கலைந்தால் நாவில் வந்து நிற்பவை அவைதான்.

ஆச்சிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. உலையில் அரிசி போடுமுன் ஒரு பிடி எடுத்துத் தனிப் பானையில் போடுவாள். ஞாயிற்றுக்கிழமை அந்தக் கைப்பிடி அரிசி கோயிலுக்குப் போகும். வீட்டில் அரிசி தட்டுப்பட்ட நாட்களிலும் அந்தப் பானையை அவள் தொட்டதில்லை. பக்கத்து வெள்ளாளன்விளையில் 1874-இல் பிறந்த அசரியா 1903-இல் நம்மவர் காணிக்கையைக் கொண்டே திருநெல்வேலி இந்திய மிஷனரி சங்கம் தொடங்க முன்நின்றவர், 1912-இல் தோர்ணக்கல்லுக்கு அத்தியட்சராகப் போனவர் என்பதெல்லாம் எங்களுக்குப் பாடம். ஆச்சிக்கு அந்த ஆண்டுகள் எதுவும் தெரியாது. பிடி அரிசி எங்கேயோ ஒரு ஊழியரின் உலையில் கொதிக்கிறது என்பது மட்டும் தெரியும்.

திடப்படுத்தல் முடிந்து நற்கருணைக்குப் போகத் தொடங்கிய வயதில் எனக்குப் பேச்சு வந்தது. வாலிபர் ஐக்கியக் கூட்டங்களில் சாட்சி சொல்வேன். லெந்து நாட்களில் பக்கத்துச் சபைகளுக்கும் அழைப்பார்கள். சபைக் குருவான ஐயர் என் தோளில் தட்டி, “தேவன் உன்னைப் பெரிய காரியத்துக்கு எடுத்து வச்சிருக்கார்” என்றார். அதை நான் முழு மனதோடு நம்பினேன். 1984-இல் பாளையங்கோட்டைக்கு வேதியியல் படிக்க வந்தபோது, ஊழியம் என்றால் மேடை என்றுதான் என் எண்ணம் இருந்தது. வேறு மாதிரி ஊழியம் ஆச்சியின் பானையில் இருந்தும் அது ஊழியம் என்று எனக்குத் தோன்றவில்லை.

பாளையங்கோட்டை ஊசிக்கோபுரக் கோயிலில் ஒரு மாலைக் கூட்டத்தில் பேசி முடித்து இறங்கியபோது, ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் என்னை நிறுத்தினார். சபையில் எல்லோருக்கும் அவர் ‘டீச்சர்’. வெள்ளைச் சேலை, தோளில் துணிப்பை. “நல்லாத்தான் பேசுத, தம்பி. வாசிக்கத் தெரியுமா?” என்று கேட்டார். தெரியும் என்றேன். “அப்போ செவ்வாக்கிழமை வா. வாசிக்க ஆள் வேணும்.”

பாளையங்கோட்டையில் பார்வையற்றோர் பள்ளி 1890-இலிருந்து இருக்கிறது. ஆஸ்க்வித் என்ற மிஷனரி அம்மையார் தொடங்கியது. அங்கே படித்து முடித்த பலர் ஊரிலேயே கல்லூரிகளில் சேர்வார்கள். அந்த நாட்களில் பள்ளிப் பாடத்துக்குப் பிரெயில் புத்தகம் உண்டு, கல்லூரிப் பாடத்துக்குக் கிடையாது. யாராவது வாசிக்க வேண்டும். கேட்டு அவர்கள் பிரெயிலில் குறிப்பெடுப்பார்கள். தடித்த தாளைச் சட்டத்தில் பொருத்தி, கூர்முனை ஊசியால் வலமிருந்து இடமாகக் குத்திக்கொண்டு போவார்கள். தாளைத் திருப்பினால் புள்ளிகள் மேலெழும்பி இடமிருந்து வலமாகப் படிக்க வரும். ஒவ்வொரு எழுத்தையும் கண்ணாடியில் பார்ப்பதுபோல் திருப்பி எழுத வேண்டிய அந்த வித்தையை அவர்கள் பேச்சோடு பேச்சாகச் செய்தார்கள். அறை முழுக்க டொக் டொக் என்று அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். என் வாசிப்பு வேகமெடுத்தால் சத்தம் நின்றுவிடும். அதுதான் எனக்கு அடையாளம்.

டீச்சர் சொல்லிக்கொடுத்தது கொஞ்சம்தான். கேட்டாலொழிய விளக்கம் சொல்லாதே. பிடிக்காத பக்கம் என்று எதையும் தாண்டாதே. வாசித்ததை வெளியே போய்ப் பேசாதே. “நீ வாசிக்கும்போது புஸ்தகம் அவங்களுக்குக் கேக்கணும். நீ கேக்கக் கூடாது” என்றார். மேடையில் குரலை ஏற்றி இறக்கிப் பழகிய எனக்கு அது புதிது. உணர்ச்சியைக் கூட்டி வாசித்தால் கேட்பவருக்குப் புத்தகத்தின் உணர்ச்சி எது, வாசிப்பவனின் உணர்ச்சி எது என்று பிரிக்க முடியாமல் போகிறது. குரலைச் சமமாக வைத்துக்கொள்ள நாட்கள் பிடித்தன.

எனக்கு ஒதுக்கப்பட்டவர் பி.ஏ. வரலாறு கடைசி ஆண்டு. என்னைவிட மூத்தவர், அண்ணன் என்று கூப்பிடுவேன். பிறவியிலேயே பார்வை இல்லாதவர். கோவில்பட்டிப் பக்கம் கரிசல்காட்டுக் குடும்பம். அவர் தேர்வு எழுதும்போது நான்தான் ‘சொல்வதை எழுதுபவர்’ என்று முடிவானது. அவர் பாடத்தை நான் படிக்காதவன், அவரைவிடக் கீழ் வகுப்பு. இரண்டும் அந்த வேலைக்குத் தகுதி. அந்தக் காலத்தில் எங்கள் கல்லூரிகளெல்லாம் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் கீழ். தனி அறை, ஒரு மேசை, ஒரு கண்காணிப்பாளர். நான் கேள்வியை வாசிப்பேன், அவர் சற்று நேரம் தலையைக் குனிந்திருந்துவிட்டுச் சொல்லத் தொடங்குவார், நான் எழுதுவேன்.

இந்திய வரலாற்றுத் தாளில் வேலூர்க் கலகம் வந்தது. அவர் காரணங்களை ஒன்றுவிடாமல் சொன்னார். புதுத் தலைப்பாகை, அதில் வைத்த தோல் சின்னம், நெற்றிக் குறிக்கும் தாடிக்கும் வந்த தடை, கோட்டைக்குள் காவலில் இருந்த திப்புவின் பிள்ளைகள், ஆற்காட்டிலிருந்து குதிரைப் படையோடு வந்த கில்லெஸ்பி. தொடக்க வாக்கியத்தில் மட்டும் ஆண்டு 1807 என்று வந்துவிட்டது. 1806 என்று எனக்கு நன்றாகத் தெரியும், பள்ளியில் படித்தது. ஏழை ஆறாக எழுதப் பேனாவை ஒரு சுழி அதிகம் வளைத்தால் போதும். கண்காணிப்பாளர் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். 1807 என்றே எழுதினேன்.

சாயங்காலம் விடுதிக்கு நடந்துபோகும்போது வழியில் நின்றார். “ஏல தம்பி, வேலூருக்கு நான் ஏழுன்னா சொன்னேன்?”

“ஆமாண்ணே.”

“உனக்கு ஆறுன்னு தெரியும்லா?”

“தெரியும்.”

“எழுதுனது?”

“ஏழுதான்.”

அவர் என் முழங்கையைப் பிடித்திருந்தார். அந்தப் பிடி கொஞ்சம் இறுகியது. அதற்குமேல் அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. மறுநாள் தன் பெட்டியைத் திறந்து, அதுவரை டீச்சரைத் தவிர யாரிடமும் கொடுக்காத வீட்டுக் கடிதங்களை என்னிடம் தந்து வாசிக்கச் சொன்னார்.

அவருடைய அம்மாவுக்கும் எழுதத் தெரியாது. பக்கத்து வீட்டுப் பையனை உட்காரவைத்து இன்லேண்ட் கடிதத்தில் எழுத வைப்பார். ஆக, தாய் சொல்ல ஒரு பையன் எழுத, நான் வாசிக்க மகன் கேட்பார். மகன் சொல்ல நான் எழுத, அங்கே அந்தப் பையன் வாசிக்கத் தாய் கேட்பார். முகம் தெரியாத அந்தப் பையனை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். அவனும் நானுமாக ஒரு தாயின் குரலை இரண்டு முனையிலும் பிடித்துக்கொண்டு நின்றோம். எங்களில் யார் ஒரு சொல்லைக் கூட்டினாலும் குறைத்தாலும் அவர்கள் இருவருக்கும் தெரியப் போவதில்லை. அந்தப் பையனுடைய எழுத்தில் பிழை நிறைய இருந்தது. ஆனால் அம்மா பேசுகிறபடியே எழுதியிருப்பான், “கண்ணு, வேளைக்குச் சாப்பிடு” என்று கடிதத்துக்குக் கடிதம் மாறாமல்.

ஒரு கடிதத்தில் தங்கைக்குப் பேசிய சம்பந்தம் முறிந்துபோன செய்தி இருந்தது. பெண்ணின் அண்ணனுக்குக் கண் தெரியாது, நாளை பிறக்கும் பிள்ளைக்கும் அப்படி வந்தால் என்ன செய்வது என்று மாப்பிள்ளை வீட்டில் சொல்லிவிட்டார்களாம். கண் அந்த வரிக்கு முன்னாலேயே ஓடிப் பார்த்துவிட்டது, வாய் இன்னும் முந்திய வரியில் இருந்தது. தாண்டிவிட்டு அடுத்த வரிக்குப் போகலாம், யாருக்கும் கேடில்லை என்று மனசு சொல்லியது. அன்பு என்ற பெயரில்தான் அந்த யோசனை வந்தது. ஆனால் அது அவருடைய கடிதம், அவருடைய தங்கை, அவருடைய துக்கம். அதிலிருந்து ஒரு துண்டை எடுத்துத் தள்ளிவைக்க எனக்கு யாரும் உரிமை கொடுக்கவில்லை. வாசித்தேன். இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னார். வாசித்தேன்.

எனக்கு அப்போது ஆறுதல் வசனங்கள் எத்தனையோ தெரியும். நான் வாய் திறக்குமுன் அவர் கையை உயர்த்தினார். “ஒண்ணும் சொல்லாத. எண்பத்தெட்டாம் சங்கீதம் எடு.” அந்தச் சங்கீதத்தை நான் எந்தப் போட்டிக்கும் மனப்பாடம் செய்ததில்லை. புலம்பலாகத் தொடங்கும் மற்றச் சங்கீதங்கள் பெரும்பாலும் எங்காவது ஒரு திருப்பத்தில் துதியாக மாறும். இது மாறாது. நண்பர்கள் தூரமாகிப்போய், கடைசிச் சொல்வரைக்கும் இருளிலேயே நின்றுவிடும். இப்படியும் ஒரு ஜெபம் வேதத்துக்குள் இருக்கிறது, தேவன் இதையும் ஜெபமாக ஏற்றுத் தம் புத்தகத்தில் இடம் கொடுத்திருக்கிறார் என்பது அந்த விடுதி அறையில்தான் எனக்குத் தெரியவந்தது. வாசித்து முடித்தபின் இருவரும் பேசாமல் இருந்தோம். பிறகு அவர் அம்மாவுக்குப் பதில் சொல்லத் தொடங்கினார். தான் நலம், தேர்வு நன்றாக எழுதியிருக்கிறேன், தங்கையை அழாமல் இருக்கச் சொல்லுங்கள். சொன்னபடி எழுதினேன்.

விசுவாசத்தில் முதிர்ச்சி என்றால் என்ன என்று யாராவது கேட்டால் எனக்கு அந்த மாலைதான் நினைவுக்கு வருகிறது. அதுவரை தேவனைப் பற்றி எனக்குத் தெரிந்ததைப் பிறருக்குச் சொல்வதையே வளர்ச்சி என்று நினைத்திருந்தேன். பிறருடைய பாரத்தை அதன் எடை குறையாமல் வாங்கிப் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, வசனம் தெரிந்தால் போதாது. அதற்குப் பழக்கம் வேண்டும். செவ்வாய்க்கிழமைதோறும் போய், பிடித்த பக்கமும் பிடிக்காத பக்கமும் ஒரே குரலில் வாசித்து வாசித்து வரும் பழக்கம்.

அண்ணனுக்கு வேதம் வாசிக்கும்போதும் எதையும் தாண்டவிட மாட்டார். வம்சவரலாறு வந்தாலும் முழுவதும் வேண்டும். ரோமருக்கு எழுதின நிருபத்தின் பதினாறாம் அதிகாரம், வெறும் வாழ்த்துகளின் பட்டியல் என்று எல்லோரும் புரட்டிவிடும் பகுதி, பெபேயாள் என்ற சகோதரியில் தொடங்கிப் பெயர் பெயராக வாசித்துக்கொண்டு போனேன். நடுவில் பவுல் அல்லாத ஒருவர் எழுந்து, இந்த நிருபத்தைக் கையால் எழுதினவன் நான் என்று தன் பெயரைச் சொல்லி வாழ்த்துகிறார். தெர்தியு. அண்ணன் சிரித்துவிட்டார். “ஏல, உன் ஆளு!” என்றார். சபை வரலாற்றையே புரட்டிப்போட்ட நிருபம் அது. அகஸ்டினும் லூதரும் அதன்முன் மண்டியிட்டிருக்கிறார்கள். அதன் ஒவ்வொரு எழுத்தும் அந்த மனிதரின் விரல்வழி வந்தது. நியாயப்பிரமாணத்தையும் கிருபையையும் பற்றிப் பவுல் மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டு போகும் அந்த நீண்ட வாக்கியங்களை எழுதும்போது தெர்தியுவுக்கும் சொந்தக் கருத்து இருந்திருக்கும். அவருக்குக் கிடைத்தது ஒரு வாழ்த்து மட்டும். அதிலும் அவர் தன்னைப் பற்றி வேறொன்றும் சொல்லவில்லை.

டீச்சரிடம் இதைச் சொன்னபோது, எரேமியா முப்பத்தாறையும் நாற்பத்தைந்தையும் சேர்த்து வாசிக்கச் சொன்னார். எரேமியா சொல்லச் சொல்ல நேரியாவின் மகன் பாருக்கு சுருளில் எழுதுகிறான். குளிர்கால அரண்மனையில் கணப்பின் முன் உட்கார்ந்திருந்த யோயாக்கீம் ராஜா அதைக் கத்தியால் நறுக்கி நறுக்கி நெருப்பில் போடுகிறான். அத்தனை உழைப்பும் சாம்பல். பாருக்கு வேறொரு சுருளை எடுத்து முதலிலிருந்து எழுதுகிறான். நாற்பத்தைந்தாம் அதிகாரம் ஐந்தே வசனம், அந்தப் பாருக்குக்காக மட்டும் வந்த வார்த்தை. களைத்துப்போனேன், இளைப்பாறுதல் இல்லை என்று அவன் முறையிட, உனக்கென்று பெரிய காரியங்களைத் தேடாதே என்று கர்த்தர் சொல்கிறார். போகும் இடமெல்லாம் உன் உயிரைக் காப்பேன், அவ்வளவுதான் வாக்குத்தத்தம். ஐயர் என் தோளில் தட்டிச் சொன்னதற்கும் இதற்கும் இடையில் நான் பல நாள் அலைந்தேன். ஐயர் அன்போடுதான் சொன்னார். ஆனால் இளைஞர்களிடம் நம் சபைகள் முதல் வார்த்தையை மட்டும் சொல்லிவிட்டு இரண்டாவதைச் சொல்லாமல் விடுகின்றன என்பது இன்றைக்கும் என் வருத்தம்.

அண்ணனும் ஊழியம் செய்தார். அதைச் சொல்லாவிட்டால் நான் அவருக்கு உதவினேன் என்ற பாதிக் கதைதான் மிஞ்சும். ஞாயிறு பிற்பகலில் எங்கள் ஜெபக்குழு ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்குப் போகும். நாங்கள் கட்டில் கட்டிலாகப் போய் ஜெபித்துக் கைப்பிரதி கொடுப்போம். அவர் ஒரே கட்டிலில் உட்கார்ந்துவிடுவார். தீக்காயப்பட்ட ஒரு பெண், யார் வந்தாலும் சேலையை முகத்துக்கு இழுத்துக்கொள்பவள், அவரிடம் மட்டும் முகத்தை மூடாமல் பேசினாள். எந்த ஊர், எந்த பஸ், ஊரில் மழை உண்டா என்று அவர் கேட்டுக்கொண்டிருப்பார். அவள் அழுவாள், சில சமயம் சிரிப்பாள். போகும்போது அவளே ஜெபிக்கச் சொல்லிக் கேட்பாள். கண் தெரிந்த எங்கள் யாராலும் செய்ய முடியாத ஊழியம் அது.

படிப்பு முடிந்து நான் வங்கி வேலைக்குப் போனேன். மேடைப் பேச்சு மெல்லக் குறைந்தது, அதை யாரும் நிறுத்தவில்லை. பல வருஷங்களுக்குப் பிறகு, நான் இருந்த ஒரு சபையில் கமிட்டிச் செயலாளர் பொறுப்பு வந்தது. நம் சபைகளின் கமிட்டிக் கூட்டம் எப்படி இருக்கும் என்பது சபை மக்களுக்குத் தெரியும். இரண்டு அணி, கட்டடக் கணக்கு, பழைய பகை. நடவடிக்கைக் குறிப்பு யார் கையில் இருக்கிறதோ அவர்கள் பக்கம் வரலாறு சாயும். எனக்கும் ஒரு பக்கம் சரியென்று தோன்றியது. எதிர்ப்பக்கத்தார் சொன்னதை அவர்கள் சொன்ன வலுவோடு எழுதி, அடுத்த கூட்டத்தில் சமமான குரலில் வாசித்தேன். என் அணியினருக்கு வருத்தம். எதிரணியில் ஒரு பெரியவர், என்னோடு பேச்சை நிறுத்தியிருந்தவர், “நான் சொன்னது இதுதான்” என்று மட்டும் சொல்லிக் கையெழுத்துப் போட்டார். சண்டை அதனால் தீர்ந்துவிடவில்லை. ஆனால் என்ன பேசினோம் என்பதைப் பற்றி அதன்பின் சண்டை வரவில்லை. சபைக்கு அதுவும் ஒரு ஊழியம் என்று நான் நம்புகிறேன், பிரசங்கத்துக்குக் குறைந்ததல்ல.

அப்பா பக்கவாதத்தில் விழுந்தபோது அந்தப் பழக்கம் வேறு விதத்தில் உதவியது. அவருக்கு எல்லாம் புரியும், சொல்தான் வராது. ஒரு சொல்லைத் தேடி வாய் திறந்தபடி நிற்பார். சுற்றி இருப்பவர்கள் பாசத்தில் எடுத்துக்கொடுப்பார்கள், தண்ணியா, மருந்தா, வலிக்குதா என்று. அவர் சோர்ந்து கண்ணை மூடிக்கொள்வார். நான் பக்கத்தில் உட்கார்ந்து ஒன்றும் எடுத்துக்கொடுக்காமல் இருப்பேன். தேர்வறையில் அண்ணன் தலை குனிந்திருக்கும் நேரத்தில் பேனாவோடு காத்திருந்தது அந்தப் பொறுமைக்குப் பயிற்சி. ஒருநாள் வெகுநேரம் தேடி அப்பா சொன்னது “பிடி” என்ற ஒரு சொல். கையைப் பிடிக்கச் சொல்கிறார் என்று அம்மா நினைத்தாள். அவர் தலையசைத்து அடுக்களையைக் காட்டினார். ஆச்சியின் கைப்பிடி அரிசி இந்த வாரம் போயிற்றா என்று கேட்டிருக்கிறார். ஆச்சி போய் வெகுகாலமாயிற்று. அம்மா அதை விடாமல் செய்துகொண்டிருந்தாள், அப்பா அதைக் கவனித்துக்கொண்டிருந்தார் என்பது எனக்குப் புதுச் செய்தி. என் ஜெபமும் அந்த மாதங்களில் மாறியது. தேவனுக்கு நான் சொல்வது குறைந்து, காத்திருப்பது கூடியது.

அண்ணன் அரசுப் பள்ளியில் வரலாற்று ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றுவிட்டார். தங்கைக்கும் நல்ல இடத்தில் கல்யாணமாகி இப்போது பேரப்பிள்ளைகள். வாசிக்க அவருக்கு இன்று நான் தேவையில்லை, கணினியில் தமிழை வாசித்துக்காட்டும் மென்பொருள் வந்துவிட்டது. செல்போன் செய்தித்தாளையே வாசித்துவிடுகிறது. தேர்வு எழுத மட்டும் இன்னும் ஆள் வேண்டியிருக்கிறது. அவருடைய சபையில் கல்லூரித் தேர்வுகளுக்கு முன்னால் வாலிபர்களைக் கூட்டி அவரே பயிற்சி கொடுக்கிறார். நானும் போவேன். தேர்வு எழுதப் போகும் மாணவர்கள் ஒரு பக்கம் உட்காருவார்கள், வாலிபர்கள் ஆளுக்கொரு பத்தியை வாசிப்பார்கள். யார் குரல் வேண்டும் என்று மாணவர்களே சொல்வார்கள். போன தடவை வாலிபர் ஐக்கியத்தில் நன்றாகப் பேசும் ஒரு பையனை யாரும் கேட்கவில்லை. மெல்ல, நிறுத்தி வாசித்த ஒரு பெண்ணைப் பலர் கேட்டார்கள். தேதிகள் மோதாதபடி அவளைப் பங்குவைப்பதில் அண்ணனுக்கு அரைமணி நேரம் போனது. பிறகு அந்தப் பையனைக் கூப்பிட்டு, வெளியூரிலிருந்து வரும் மாணவர்களைப் பஸ் ஸ்டாண்டிலிருந்து அழைத்துவரும் பொறுப்பைக் கொடுத்தார். ரோட்டைக் கடக்கும்போது அவர்கள் கையைப் பிடித்து இழுக்கக் கூடாது, அவர்கள் உன் முழங்கையைப் பிடித்துக்கொள்ளட்டும், நீ அரையடி முன்னால் நட, படி வந்தால் நின்று ஏறுபடியா இறங்குபடியா என்று சொல் என்று தானே எழுந்து அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டு கோயில் வளாகத்தில் நடந்து காட்டினார். திங்கள்கிழமை காலை ஆறு மணிக்கு முதல் பஸ் என்று அவனிடம் நேரத்தையும் சொன்னார். அவன் செல்போனில் அலாரம் வைத்துக்கொண்டான்.